மிகுபகு எண்கள்: ராமானுஜன் தொடங்கிய கணக்கு

6746328388800. நம் வழக்கில் வாசித்தால் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. ராமானுஜன் 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதன் கடைசி எண் இதுதான். இந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கக்கூடிய எண்கள் 10,080. இதற்குக் கீழே உள்ள ஆறே முக்கால் லட்சம் கோடி எண்களில் ஒன்றுக்குக்கூட அத்தனை வகுத்திகள் இல்லை.

பெரிய எண் என்றால் அதன் நீளத்தைப் பார்த்து வியப்பதே வழக்கம். கணிதத்தில் நீளத்துக்கு அவ்வளவு மதிப்பில்லை. இதே பதின்மூன்று இலக்கங்களில், இரண்டு பகா எண்களை மட்டும் பெருக்கி எழுதிய எண்கள் ஏராளம். அவற்றுக்கு வகுத்திகள் நான்கே நான்கு. இரண்டும் பகு எண்கள்தான், இரண்டும் ஒரே பருமன்தான், ஆனால் உள்ளமைப்பில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒரு பெரிய பகு எண்ணைப் பற்றிக் கேட்கத் தகுந்த கேள்விகள் எல்லாம் அந்த உள்ளமைப்பைப் பற்றியவை. அந்தக் கேள்விகளில் மிக அழகான ஒன்றை எடுத்து அடியிலிருந்து நுனிவரை ஆராய்ந்தவர் ராமானுஜன். அந்த ஆராய்ச்சி கணிதத்தின் ஒதுக்குப்புறத்தில் நடந்தது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அது தவறான மதிப்பீடு என்பதே என் கருத்து; காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

நான் இருக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டி சேலத்துக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்தை ஒட்டிய ஊர். இங்கிருந்து தெற்கே போனால் நாமக்கல்; அங்குள்ள நாமகிரித் தாயார்தான் ராமானுஜன் குடும்பத்தின் தெய்வம். தென்மேற்கே போனால் ஈரோடு. 1887 டிசம்பர் 22 அன்று தாய்வழிப் பாட்டி வீட்டில் அவர் பிறந்த ஊர். வளர்ந்தது கும்பகோணத்தில். இங்கிலாந்திலிருந்து நோயுடன் திரும்பிய 1919இல் சில காலம் காவிரிக்கரைக் கொடுமுடியில் தங்கியிருந்தார். சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரத்துக் கணக்கு வாத்தியார்கள் ராமானுஜனை நம்மூர்க்காரர் என்று சொல்லும்போது அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் செய்தது என்ன என்று கேட்டால் 1729 என்ற ஒரே எண்ணோடு பெரும்பாலும் பேச்சு நின்றுவிடுகிறது. பள்ளிப் படிப்பை மட்டும் வைத்துக்கொண்டு அவருடைய ஆராய்ச்சிக்குள் நுழைய வேண்டுமானால், 1729ஐவிட நல்ல வாசல் இந்த 1915ஆம் ஆண்டுக் கட்டுரைதான்.

ஓர் எண்ணுக்கு எத்தனை வகுத்திகள் என்று காண ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாக எழுதி, ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி, எல்லாவற்றையும் பெருக்கினால் போதும். 12 என்பது 2² × 3. அடுக்குகள் 2, 1; ஒன்று கூட்டினால் 3, 2; பெருக்கினால் 6. உண்மையிலேயே 12க்கு வகுத்திகள் ஆறு: 1, 2, 3, 4, 6, 12. மேலே சொன்ன பெரிய எண் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. ஆகவே 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080.

தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்ணை ராமானுஜன் தனி வகையாகப் பிரித்தார். அதை இங்கே மிகுபகு எண் என்று அழைப்போம். வரிசை இப்படித் தொடங்குகிறது: 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840, 1260, 1680, 2520, 5040. இந்தப் பட்டியலில் பல எண்கள் நமக்குப் பழகியவை. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 வினாடி, பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுகள், வட்டத்துக்கு 360 பாகை. பங்கு போடுவதற்கு எளிதான எண்களையே மனிதர்கள் அளவைகளுக்குத் தேர்ந்தார்கள் என்பதற்கு இவை சாட்சி. கிரேக்கத்தில் பிளாட்டோ தன் இலட்சிய நகரத்துக்கு 5040 குடும்பங்கள் வேண்டும் என்று எழுதியதும் இதே காரணத்தால்தான். 1 முதல் 12 வரையுள்ள எண்களில் 11 ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அதை வகுக்கும்.

மிருதங்கம் வாசிப்பவர்கள் கையாளும் ஐந்து நடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். திஸ்ரம் மூன்று, சதுஸ்ரம் நான்கு, கண்டம் ஐந்து, மிஸ்ரம் ஏழு, சங்கீர்ணம் ஒன்பது. இந்த ஐந்தும் மிச்சமின்றி அடங்கும் மிகச் சிறிய எண் எது? மீ.பொ.ம. கண்டால் 1260 வருகிறது. அது மிகுபகு எண் வரிசையில் நிற்கும் எண். எல்லா மீ.பொ.ம.வும் இப்படி அமைவதில்லை, இங்கே அமைந்திருக்கிறது.

எளிதாகப் பங்கிடப்படும் எண் எல்லாம் மிகுபகு எண் ஆகிவிடாது என்பதையும் பார்க்க வேண்டும். நாமக்கல் பண்ணைகளிலிருந்து முட்டை 30 கொள்ளும் ட்ரேயில் ஏறுகிறது. ஏழு ட்ரே சேர்ந்தால் 210 முட்டை கொண்ட பெட்டி. 30 = 2 × 3 × 5. 210 = 2 × 3 × 5 × 7. முதல் சில பகா எண்களை ஒவ்வொரு முறை பெருக்கிய அழகான எண்கள் இவை. 30க்கு 8 வகுத்திகள், 210க்கு 16. ஆனால் 8 வகுத்திகளை 24 முன்பே பெற்றுவிட்டது. 16ஐ 120 பெற்றுவிட்டது. காரணம் எளிது. 30இல் 5ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் 4ஐ வைத்தால் 24 கிடைக்கும், வகுத்திகள் குறையவில்லை. 210இல் 7க்குப் பதில் 4ஐ வைத்தால் 120. புதிய பகா எண் ஒன்றைச் சேர்ப்பதா, ஏற்கெனவே உள்ள 2ஐ இன்னும் இருமுறை பெருக்குவதா என்ற கேள்வியில்தான் மிகுபகு எண்களின் இலக்கணம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

யுகக் கணக்கிலும் இதைச் சோதிக்கலாம். கலியுகத்துக்கு 4,32,000 ஆண்டுகள் என்பது மரபு. 4,32,000 = 2⁷ × 3³ × 5³; வகுத்திகள் 128. அதைவிடச் சிறிய 3,32,640 என்ற எண்ணுக்கு 192 வகுத்திகள் உண்டு, ஏனெனில் அது 2⁵ × 3³ × 5 × 7 × 11. யுகக் கணக்கு வகுத்தவர்கள் 2, 3, 5 என்ற மூன்று பகா எண்களுக்குள்ளேயே நின்றார்கள். அறுபதின் மடங்குகளாகவும் பத்தின் மடங்குகளாகவும் எண்ணிப் பழகியவர்களுக்கு அது இயல்பு. தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு; 320 = 2⁶ × 5. பழைய ரூபாய்க்கு 192 தம்பிடி. அது 2⁶ × 3. கடைத்தெருக் கணக்கு பாதி, கால், அரைக்கால் என்றே போகும், ஆகவே அங்கே 2 மட்டும் தடித்து நிற்கிறது.

இனி ராமானுஜன் கண்ட விதிகள். முதலாவது, மிகுபகு எண்ணில் பகா எண்கள் இடைவெளியில்லாமல் வரிசையாக வரும். 2, 3, 7 இருந்து 5 விடுபட்டுப் போகாது. விடுபட்டிருந்தால் 7ஐ எடுத்துவிட்டு 5ஐ வைக்கலாம். எண் சிறிதாகும், வகுத்திகள் மாறா. அப்போது பெரிய எண் மிகுபகு எண் என்ற உரிமையை இழக்கும். இரண்டாவது, அடுக்குகள் இடமிருந்து வலமாக ஏறவே ஏறா. 3இன் அடுக்கு 2இன் அடுக்கைவிடப் பெரிதாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். அதே வகுத்திகளோடு சிறிய எண் கிடைக்கும். இந்த இரண்டையும் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் தானே நிறுவலாம். மூன்றாவது விதி அவ்வளவு லேசு இல்லை: கடைசியாக வரும் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1. விதிவிலக்கு இரண்டே எண்கள், 4ம் 36ம். முடிவில்லாத வரிசை ஒன்றில் இரண்டு எண்கள் மட்டும் விதிக்கு வெளியே நிற்கின்றன என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் மற்ற எல்லாவற்றையும் கட்டுக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும். ராமானுஜன் கொண்டுவந்தார்.

எந்த எண்ணை இரட்டித்தாலும் வகுத்திகள் கூடும். ஆகவே ஒரு மிகுபகு எண்ணுக்கு அடுத்தது அதன் இரு மடங்கைத் தாண்டாது. வரிசைக்கு முடிவும் கிடையாது. போகப் போக அடுத்தடுத்த இரண்டு மிகுபகு எண்களின் விகிதம் 1ஐ நெருங்கும் என்பதையும் அவர் நிறுவினார். பெரிய மிகுபகு எண்ணில் ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்கும் ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்பதை இரு பக்கமும் எல்லை கட்டிச் சொன்னார். என்னைப் பொறுத்தவரை கட்டுரையின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். பெரிய எண் ஒன்றின் உடலமைப்பை, அந்த எண்ணை எழுதிப் பார்க்காமலேயே சொல்லிவிடும் ஆற்றல் அது.

பட்டியலைப் பற்றி ஒரு செய்தி. நூற்றுக்கும் சற்று மேற்பட்ட அந்த எண்களைக் கணிப்பான் ஏதுமின்றிக் கையால் கணக்கிட்டு வரிசைப்படுத்தினார் ராமானுஜன். அதில் ஒரே ஒரு எண் விடுபட்டுவிட்டது: 293318625600. அதை உடைத்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19, வகுத்திகள் 5040. இதை 23ஆல் பெருக்கினால் கிடைப்பது 6746328388800, அதாவது பட்டியலின் கடைசி எண். வாரிசு பட்டியலில் இடம்பெற்று முன்னோர் விடுபட்டுப் போயிருக்கிறார். பேப்பரும் பென்சிலும் மட்டும் வைத்துக்கொண்டு கோடிக்கணக்கில் போகும் எண்களில் அவர் தவறவிட்டது அந்த ஒன்றே என்பதுதான் இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மிகுபகு எண்களுக்குள்ளேயே இன்னும் தேர்ந்த ஒரு வகையை அவர் பிரித்தார்; மேம்பட்ட மிகுபகு எண்கள் என்போம். வகுத்திகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பெரிய எண்களுக்கே ஆதாயம். அதனால் எண்ணின் பருமனுக்கு ஏற்ப ஒரு தள்ளுபடி வைக்கிறோம்: வகுத்திகளின் எண்ணிக்கையை, எண்ணின் வர்க்கமூலத்தால் வகுக்கிறோம். 6க்கு இந்த அளவு 1.633. 24க்கும் அதே 1.633. 60க்கு 1.549. 12க்கு 1.732. எல்லா எண்களிலும் இந்த அளவு உச்சமாக இருப்பது 12க்குத்தான். எந்த எண்ணை எடுத்தாலும் அதன் வகுத்திகள், வர்க்கமூலத்தின் 1.732 மடங்கைத் தாண்டமாட்டா. வர்க்கமூலத்துக்குப் பதில் வேறு மூலம் வைத்தால் வேறோர் எண் உச்சத்துக்கு வரும். அப்படி உச்சத்தில் வரும் எண்களே மேம்பட்டவை: 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040, 55440, 720720. இவற்றுக்கு ராமானுஜன் நேரடியான சூத்திரமே கொடுத்தார். எந்த மூலத்தை எடுத்துக்கொண்டோம் என்று சொன்னால் ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்கும் உடனே வந்துவிடும். கரடுமுரடான மிகுபகு எண் வரிசைக்கு இடையிடையே நட்ட எல்லைக்கல் போல இவை நிற்கின்றன.

1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து கப்பலேறியவர், மறு ஆண்டே இந்தக் கட்டுரையை வெளியிட்டார். 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சி வழியாக பி.ஏ. பட்டம் கொடுத்தபோது அதற்கு முதன்மை ஆதாரம் இதுவே. இந்தியாவில் கல்லூரித் தேர்வில் தோற்று, துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக இருந்தவர் அவர். கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டி சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் இந்தக் கட்டுரையை மிக உயர்வாகப் பாராட்டினார். கூடவே, எடுத்துக்கொண்ட பொருள் கணித ஆராய்ச்சியின் பெரிய ஓட்டத்திலிருந்து சற்று விலகியது என்ற கருத்தையும் சொன்னார். அந்தக் காலத்து நிலையில் அது நியாயமான கணிப்பு. ஆனால் விலகி நின்றதாகத் தோன்றியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போர்க்காலத்தில் லண்டன் கணிதக் கழகம் பண நெருக்கடியில் இருந்ததால், அச்சுச் செலவைக் குறைக்கக் கட்டுரையின் ஒரு பெரும் பகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. உலகம் பார்த்தது முன்பாதியை மட்டும்.

நிறுத்தி வைத்த பகுதி 1997இல்தான் முறையாக வெளிவந்தது. ஜான் லூயி நிக்கோலா, கீ ராபின் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணிதர்கள் குறிப்புரை எழுதி, ராமானுஜன் பெயரிலேயே தொடங்கப்பட்ட ஆய்விதழின் முதல் தொகுதியில் பதிப்பித்தார்கள். அதில் ராமானுஜன் வகுத்திகளின் எண்ணிக்கையோடு நிற்காமல் வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கும் போயிருந்தார். பகா எண்களின் பரவலைப் பற்றிய, இன்னும் நிறுவப்படாத ரீமன் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால், அந்தக் கூட்டுத்தொகை எவ்வளவு தூரம் உயரும் என்பதற்கு மிகக் கூர்மையான எல்லை ஒன்றைக் கண்டிருந்தார்.

அந்த எல்லையின் முக்கியத்துவம் ராபின் 1984இல் நிறுவிய தேற்றத்தில் விளங்குகிறது. ஓர் எண்ணின் இயல் மடக்கையை எடுத்து, அதற்கு மீண்டும் இயல் மடக்கை எடுங்கள். அதை 1.781 என்ற மாறிலியால் பெருக்குங்கள். வகுத்திகளின் கூட்டுத்தொகையை எண்ணால் வகுத்தால் வருவது இதைவிடக் குறைவாக இருக்கிறதா? 5040ஐ எடுத்துப் பார்ப்போம். வகுத்திகளின் கூட்டுத்தொகை 31 × 13 × 6 × 8 = 19,344. அதை 5040ஆல் வகுத்தால் 3.838. மறுபக்கம் 3.817. மயிரிழையில் மீறிவிட்டது. இப்படி மீறும் எண்களில் நமக்குத் தெரிந்தவை 27 மட்டுமே. 5040 அவற்றில் கடைசி. ராபின் நிறுவியது இதுதான்: 5040க்கு மேல் எந்த எண்ணும் இந்த எல்லையை மீறாது என்றால் ரீமன் கருதுகோள் உண்மை, ஒரே ஓர் எண் மீறினாலும் அது பொய். 1859 முதல் தீராமல் நிற்கும், பகா எண்களின் பரவலைப் பற்றிய மிகப் பெரிய கேள்வி, பங்கிட எளிதான எண்களைப் பற்றிய கேள்வியாக மாறிவிட்டது. ஓட்டத்திலிருந்து விலகியதாகக் கருதப்பட்ட பொருள் நடு ஓட்டத்துக்கே வந்து சேர்ந்தது. வழி ராமானுஜனின் கையெழுத்துப் பிரதியில் முன்பே இருந்தது.

இடைப்பட்ட காலத்திலும் வேலை நின்றுவிடவில்லை. வகுத்திகளின் கூட்டுத்தொகையில் தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் மிஞ்சும் எண்களை 1943இல் தனி வகையாக எடுத்து ஆராய்ந்தவர் எஸ்.எஸ். பிள்ளை. குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் ஆசிரியர். வேரிங் கணக்கு என்ற எண்ணியல் சிக்கலில் உலகம் மதிக்கும் முடிவுகளைத் தந்தவர். 1950 ஆகஸ்ட் 31 அன்று அமெரிக்கா செல்லும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் மறைந்தார். ராமானுஜனுக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாடு தந்த எண்ணியல் அறிஞர்களில் அவரே முதன்மையானவர் என்பேன். அவர் பெயர் நம் பாடப்புத்தகங்களில் பரவலாக வராதது பெருங்குறை.

1944இல் அலாவோக்லு, எர்டிஷ் என்ற கணிதர்கள் இருவரும் இந்த ஆராய்ச்சிகளை ஒன்றாகத் தொகுத்து விரிவாக்கினார்கள். அதே ஆண்டு எர்டிஷ், மிகுபகு எண்கள் ராமானுஜன் காட்டியதைவிட நெருக்கமாகவே வருகின்றன என்று நிறுவினார். அவை எவ்வளவு நெருக்கமாக வர முடியும் என்பதற்கு மேல் எல்லையை நிக்கோலா 1971இல் கண்டார். கூட்டுத்தொகை வகையின் மேம்பட்ட எண்களில், ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக ஒரு பகா எண்ணால் பெருக்கினால் போதுமா, இரண்டு வேண்டிய இடமும் உண்டா என்று அலாவோக்லுவும் எர்டிஷும் கேட்டார்கள். சிறுவர் கேள்வி போல இருக்கும் இதற்கு இன்னும் முழு விடை இல்லை. மூன்று பகா எண்கள் ஒருசேரத் தேவைப்படாது என்பதற்கு ஆதாரமான தேற்றத்தைப் பின்னாளில் அச்சில் நிறுவியவர்களில் ஒருவர் மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்தின் கே. ராமச்சந்திரா, ஆண்டு 1968.

இத்தனையும் மிக அபூர்வமான எண்களைப் பற்றியது. சாதாரணப் பெரிய பகு எண் எப்படி இருக்கும்? இதற்கும் ராமானுஜனிடமே விடை இருக்கிறது. 1917இல் ஹார்டியோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், ஓர் எண்ணுக்குப் பொதுவாக எத்தனை வெவ்வேறு பகா காரணிகள் இருக்கும் என்பதைக் கண்டார்: எண்ணின் இயல் மடக்கைக்கு இயல் மடக்கை, ஏறத்தாழ அவ்வளவுதான். 6746328388800 அளவிலுள்ள எண்களுக்கு இது 3.4. அதாவது அந்த அக்கம்பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணை எடுத்தால் மூன்று அல்லது நான்கு பகா காரணிகள், பத்து வகுத்திகள் அளவில் இருப்பதே வழக்கம். அந்தப் பகுதியில் வகுத்திகளின் சராசரியோ முப்பது. வழக்கம் பத்தாக இருக்கும்போது சராசரி எப்படி முப்பதுக்கு ஏறுகிறது? ஆயிரக்கணக்கில் வகுத்திகள் கொண்ட சில எண்கள் அதை இழுத்து ஏற்றிவிடுகின்றன. நம் எண்ணுக்கு ஒன்பது வெவ்வேறு பகா காரணிகள், 10,080 வகுத்திகள். அதற்கு முந்தைய எண்ணையும் அடுத்த எண்ணையும் 23 வரையுள்ள எந்தப் பகா எண்ணும் வகுக்காது. செழிப்பின் உச்சிக்கு இரு பக்கமும் இப்படித்தான் இருக்கும்.

மறு கோடியில் இருப்பவை ஆர்எஸ்ஏ எண்கள். வங்கி இணையதளங்களிலும் டிஜிட்டல் கையொப்பங்களிலும் பயன்படுபவை. இரண்டு பிரம்மாண்டமான பகா எண்களின் பெருக்கல், நான்கே வகுத்திகள். 250 இலக்கங்கள் கொண்ட ஆர்எஸ்ஏ-250 என்ற எண்ணை 2020 பிப்ரவரியில் உடைத்தார்கள். ஒரு கணினியின் ஒற்றைச் செயலகம் மட்டும் உழைத்தால் சுமார் 2,700 ஆண்டுகள் பிடித்திருக்கும் வேலை அது. 617 இலக்கங்கள் கொண்ட ஆர்எஸ்ஏ-2048 இன்னும் உடைபடவில்லை. ஆனால் அது பகு எண் என்று நமக்கு ஐயமின்றித் தெரியும். காரணி ஒன்றுகூடத் தெரியாமல் ஓர் எண் பகு எண் என்று எப்படிச் சொல்வது? அதற்கு எல்லா எண்களுக்கும் பொருந்தும், எந்த நிரூபிக்காத கருதுகோளையும் சாராத, நியாயமான காலத்துக்குள் முடியும் வழியை 2002 ஆகஸ்டில் கண்டவர்கள் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. பகுபடுமா என்று அறிவது எளிது, எப்படிப் பகுபடும் என்று அறிவது கடினம். இன்றைய மறையீட்டு முறைகள் பல இந்த இடைவெளியில்தான் வாழ்கின்றன.

இரண்டு கோடிகளுக்கும் தொடர்பும் உண்டு. ரகசியமாக வைத்த பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண், மிகுபகு எண்களைப் போலச் சிறு காரணிகளால் மட்டும் ஆனதாக இருந்தால், பொல்லார்ட் 1974இல் கண்ட முறையால் அந்த ரகசியத்தை விரைவில் வெளிக்கொணரலாம். ஆகவே சிறு காரணிகள் நிறைந்த எண்களை அறிந்திருப்பது, அவற்றைத் தவிர்ப்பதற்கும் உதவுகிறது.

இன்றைய நிலை இது. ராபினின் எல்லையை 5040க்கு மேல் மீறும் எண் இருந்தால், அவற்றில் மிகச் சிறியது அலாவோக்லு, எர்டிஷ் வரையறுத்த தனி வகையைச் சேர்ந்ததாகவே இருக்க வேண்டும் என்று 2009இல் அக்பரி, ஃப்ரிக்ஸ்டாட் இருவரும் நிறுவினார்கள். அதனால் தேடும் வேலை வெகுவாகக் குறைந்தது. பத்து லட்சம் கோடி இலக்கங்களுக்கும் மேல் நீளும் எண்கள் வரை கணினியால் சோதித்தாகிவிட்டது. மீறும் எண் ஒன்றும் அகப்படவில்லை.

நம் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 'எண்களும் தொடர்வரிசைகளும்' என்ற இயலில் அடிப்படை எண்ணியல் தேற்றம் இருக்கிறது. எந்த எண்ணையும் ஒரே விதமாகத்தான் பகா எண்களாகப் பிரிக்க முடியும் என்று படித்துவிட்டு, இரண்டு மூன்று பயிற்சிக் கணக்கோடு மாணவர்கள் அதைக் கடந்துவிடுகிறார்கள். ஆசிரியர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தேற்றம் முடிந்த மறுநாள் ஒரு பாடவேளையை ஒதுக்கி, மிகுபகு எண் என்றால் என்ன என்று மட்டும் சொல்லி, 5040 வரையுள்ள வரிசையை மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 30 ஏன் வரவில்லை, 210 ஏன் வரவில்லை என்று அவர்களே வாதாடட்டும். ஈரோட்டில் பிறந்தவர் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றது எந்தக் கணக்குக்காக என்பதை அதன் பிறகு சொல்லுங்கள்.